ஓடும் ரயிலா, அறுந்த கம்பியா?

1951 ஏப்ரல் 24, பிற்பகல். ஜப்பானின் யோகோஹாமா நகரில் சகுராகிச்சோ நிலையத்தை ஒட்டி ஊழியர்கள் மேல்நிலைக் கம்பியில் இன்சுலேட்டர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கைதவறிய ஸ்பேனர் ஒன்று ஷார்ட் சர்க்யூட்டை உண்டாக்கியது. தாங்குகம்பி அறுந்தது; அதில் தொங்கிய தொடுகம்பி தொய்ந்து இறங்கியது. அந்த நேரம் பார்த்து நிலையத்தை நெருங்கிய ஐந்து பெட்டி மின்ரயிலில், மேலிருந்து மின்சாரம் எடுக்கும் சட்டமான பாண்டோகிராஃப், தொய்ந்த கம்பியில் சிக்கி மடங்கிக் கூரைமேல் சாய்ந்தது. 1500 வோல்ட் மின்சாரம் பெட்டியின் வழியே தரைக்குப் பாய, போர்க்காலச் சிக்கனத்தில் கட்டப்பட்ட அந்த மரக்கூரை பற்றிக்கொண்டது. ஜன்னல்களின் நடுக்கண்ணாடி திறக்காத வகை. கதவைக் கையால் திறக்கும் வழி பயணிகளுக்குத் தெரியாது. 106 பேர் இறந்தார்கள்.

இந்த விபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜன்னலையும் கதவையும் மரக்கூரையையும்தான் முதலில் சொல்வார்கள். அது நியாயமே. ஆனால் மின்பொறியாளர்களைத் தூங்கவிடாத இன்னொரு செய்தியும் அதில் இருந்தது. அந்தப் பாதைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துணைமின் நிலையங்கள் மின்சாரம் ஊட்டிக்கொண்டிருந்தன. மின்னோட்டம் எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர், ஒன்றில் உடனே திறந்துகொண்டது. இன்னொன்று திறக்கவில்லை. பெட்டி எரிந்துகொண்டிருக்க, மேலும் சில நிமிடங்கள் அந்தப் பக்கத்திலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருந்தது.

கம்பி அறுந்து தரையைத் தொட்டால் மின்சாரம் தானாக நின்றுவிடும் என்றே பலரும் நினைப்பார்கள். வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. வீட்டு விளக்குகளும் மின்விசிறிகளும் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டம் சில ஆம்பியர்; ஷார்ட் சர்க்யூட் ஆனால் பாய்வது நூற்றுக்கணக்கான ஆம்பியர். இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு கிழித்தாலும் சரியாக இருக்கும். ரயில்பாதையில் அந்த இடைவெளி இல்லை.

1500 வோல்ட் நேர்மின்சாரப் பாதை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மேலே உள்ள கம்பியும் கீழே உள்ள தண்டவாளமும் சேர்ந்து கிலோமீட்டருக்கு 0.05 ஓம் மின்தடை தரும் என்று வைத்துக்கொண்டால், எட்டு கிலோமீட்டர் தள்ளி நடக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கு 0.4 ஓம். கணக்குப்படி அதிகபட்சம் 3750 ஆம்பியர் பாயும். துணைமின் நிலையத்தின் உள்தடையையும் கம்பி உரசுமிடத்துத் தீப்பொறியின் தடையையும் சேர்த்தால் இன்னும் குறையும். காலை நெரிசலில் கிளம்பும் புறநகர் ரயில் ஒன்றே ஆயிரம் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மூன்று நிலையங்களில் மூன்று ரயில்கள் ஒரே சமயத்தில் கிளம்பினால், துணைமின் நிலையத்தின் மீட்டருக்கு அது தொலைவில் அறுந்த கம்பியைப் போலவேதான் தெரியும். பிரேக்கரின் எல்லையைக் கீழே வைத்தால் ஒவ்வொரு காலையும் ரயில்கள் நடுவழியில் நிற்கும். மேலே வைத்தால் என்றோ ஒருநாள் ஒரு பெட்டி எரியும்.

இந்த இக்கட்டு மின்ரயிலோடு கூடவே பிறந்தது, ஆனால் உடனே வெளியே தெரியவில்லை. 1879ல் பெர்லின் கண்காட்சியில் வெர்னர் ஃபான் சீமன்ஸ் ஓட்டிக்காட்டிய குட்டி ரயிலுக்கும், 1890ல் லண்டனில் தரைக்கடியில் 500 வோல்ட்டில் ஓடத் தொடங்கிய சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில்வேக்கும் மின்நிலையம் பக்கத்திலேயே இருந்தது, பாதையின் நீளமும் குறைவு. ஃபியூஸும் கரித்துண்டு முனை வைத்த பிரேக்கரும் போதுமாக இருந்தன. அதற்கு மேல், மின்பலகைக்கு முன்னால் ஓர் ஆள் நின்றார்.

அந்த ஆளின் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பிரேக்கர் டிரிப் ஆனதும் அவர் சில நொடிகள் பொறுப்பார், பிறகு கைப்பிடியை இழுத்து மூடுவார். மின்னோட்டக் காட்டியின் முள் ஏறி நிலைத்தால் அது ரயில். பாதையில் கூட்டம் அதிகம், அவ்வளவுதான். மூடிய கையோடு மீண்டும் வெடித்துத் திறந்தால் அது பழுது. எந்த நேரத்தில் எந்த வண்டி எந்த ஏற்றத்தில் இருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. முள் ஏறும் விதத்தை வைத்தே, ஓட்டுநர் கண்ட்ரோலரைப் படிப்படியாகத் திருப்புகிறாரா, அல்லது ஏதோ விபரீதமா என்று அவரால் சொல்ல முடிந்தது. பின்னால் வந்த கருவிகள் எல்லாம் அந்த ஆள் கண்ணாலும் காதாலும் செய்த வேலையைக் கற்றுக்கொள்ள முயன்றவைதான். அவருடைய பெயர் எந்தக் காப்புரிமைப் பத்திரத்திலும் இல்லை.

1914ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எல்ஜின் அண்ட் பெல்விடியர் என்ற சிறு மின்ரயில் நிறுவனம் தன் துணைமின் நிலையங்களை ஆளில்லாமல் தானாக இயங்கும்படி மாற்றியது. சம்பளச் செலவு மிச்சம். ஆனால் முள்ளைப் பார்க்க ஆள் இல்லாதபோது, மூடலாமா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்வது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிரேக்கர் திறந்திருக்கும்போது, ஒரு பெரிய மின்தடையின் வழியே கொஞ்சமாக மின்சாரத்தைப் பாதைக்குள் விட்டு, அந்தப் பக்கம் எவ்வளவு தடை இருக்கிறது என்று அளந்து பார்ப்பது. தடை மிகக் குறைவாக இருந்தால் கம்பி எங்கோ தரையைத் தொட்டிருக்கிறது என்று பொருள்; பிரேக்கர் மூடாது. பழுதுக்குள் முழு மின்சாரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கொட்டாமல், முதலில் விசாரித்துப் பார்ப்பது என்ற பழக்கம் இப்படி ஆரம்பித்தது.

அடுத்த பாய்ச்சல் ராக்கி மலைகளில் நடந்தது. சிகாகோ, மில்வாக்கி அண்ட் செயின்ட் பால் ரயில்வே 1915ல் மொன்டானாவின் மலைப்பாதையில் 3000 வோல்ட் நேர்மின்சாரத்தில் ரயில் ஓட்டத் தொடங்கி, ஹார்லோட்டனிலிருந்து ஏவரி வரை 438 மைலுக்கு அதை நீட்டியது. அங்கே சிக்கல் நேரெதிர்ப் பக்கமிருந்து வந்தது. துணைமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பழுது ஏற்பட்டால் மின்னோட்டம் கண்ணிமைக்கும் நேரத்தில் பல்லாயிரம் ஆம்பியராக ஏறி, ஜெனரேட்டரின் கம்யூடேட்டரைச் சுற்றித் தீவளையம் போட்டுக் கருக்கிவிடும். சாதாரண பிரேக்கர் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர்கள் இதற்காகவே, நூறில் ஒரு பங்கு நொடி அளவில் செயல்படும் அதிவேக பிரேக்கரை உருவாக்கினார்கள். திறப்பதற்கு இழுவிசை தேவைப்படாமல், காந்தம் பிடித்துவைத்திருக்கும் முனையை ஸ்பிரிங் தட்டிவிடும்படி அமைத்ததில்தான் அந்த வேகம் வந்தது.

வேகத்துக்காகச் செய்த அந்தக் கருவிக்குள் இன்னொரு நுட்பத்தையும் சேர்த்தார்கள். இந்த வரலாறு முழுவதிலும் மிக அழகான யோசனை இதுதான். பிரேக்கரைத் தட்டிவிடும் சுற்றுக்கு இணையாக, இரும்பு உள்ளகம் சூழ்ந்த செப்புப்பட்டை ஒன்றைப் பொருத்தினார்கள். மின்னோட்டம் மெதுவாக ஏறினால் இரண்டு வழியிலும் பங்கிட்டுப் பாயும். சட்டென்று ஏறினால், இரும்பு சூழ்ந்த வழி அந்த மாற்றத்தை எதிர்க்கும். பெரும்பங்கு தட்டிவிடும் சுற்றுக்குள்ளேயே போகும். ஆகவே ரயில் மெல்ல இழுக்கும் 3000 ஆம்பியரைப் பொறுத்துக்கொள்ளும் அதே பிரேக்கர், சீறிக்கொண்டு வரும் பழுது மின்னோட்டத்தை 3000ஐத் தொடுவதற்கு முன்பே வெட்டிவிடும். கணிப்பொறி இல்லை, மின்னணுச் சாதனம் இல்லை. ஒரு செப்புப்பட்டையும் கொஞ்சம் இரும்பும், எவ்வளவு என்பதோடு எவ்வளவு வேகமாக என்றும் கேட்கத் தொடங்கின.

1925 பிப்ரவரி 3ல் பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்ரயில் 1500 வோல்ட்டில் ஓடியபோதும், 1931ல் தென்னிந்திய ரயில்வே சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்ரயில் விட்டபோதும், உலகம் இந்த இடத்தில்தான் நின்றிருந்தது. பக்கத்துப் பழுது அதிவேகமாக ஏறும், பிடித்துவிடலாம். தொலைவுப் பழுது பிடிபடாது. பாதையின் நீளம் கூடக்கூட ஏறும் வேகமும் மட்டுப்பட்டு, ரயில் கிளம்புவதைப் போலவே ஆகிவிடும். இதைச் சமாளிக்கத் துணைமின் நிலையங்களை நெருக்கி அமைப்பதுதான் அன்றைய வழி. செலவு அதிகம்.

சகுராகிச்சோவுக்குப் பிறகு ஜப்பானியர்கள் இந்தக் கேள்வியை விடவில்லை. மொத்த மின்னோட்டத்தைப் பார்க்காதே, ஒரே மூச்சில் அது எவ்வளவு தாவுகிறது என்று பார் என்பது அவர்கள் பிடித்துக்கொண்ட வழி. அன்றைய ரயிலில் ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பியதும், மோட்டாரோடு தொடரில் இருக்கும் மின்தடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். மின்னோட்டம் படிகளாக ஏறும், ஒவ்வொரு படியும் சில நூறு ஆம்பியர். பத்து ரயில்கள் ஓடினாலும் எல்லாம் ஒரே கணத்தில் படியேறுவதில்லை. அறுந்த கம்பிக்குப் படி கிடையாது. ஒரே தாவலில் ஆயிரம், இரண்டாயிரம் என்று குதித்து அங்கேயே நிற்கும். பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவிக்கு ரிலே என்று பெயர்; இந்தத் தாவலை அளக்கும் ரிலே, டெல்டா ஐ. பிரெஞ்சுக்காரர்கள் டிடிஎல் என்று சுருக்கிச் சொல்லும் கருவியும் இந்த வழியில் வந்ததுதான். தாவலின் உயரத்தோடு அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்றும் அது பார்க்கும். இன்றைய ரயில்களின் உள்ளே உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் மின்சாரம் கிடைத்ததும் ஒரு கணம் படக்கென்று இழுத்துவிட்டு அடங்கும். அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாதே.

சகுராகிச்சோ தந்த இரண்டாவது பாடம் இன்னும் எளிமையானது: ஒரு முனை பழுதைக் கண்டுவிட்டால், தகவல் கம்பி வழியே மறுமுனைக்கும் சொல்லி அதையும் திறக்கவைப்பது.

இதற்கிடையே மாறுமின்சாரம் களத்துக்கு வந்தது. ஹங்கேரியில் கால்மான் காண்டோ வகுத்த முறையில் 1930களின் தொடக்கத்தில் 16,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ரயில் ஓடியது. ஜெர்மனியின் ஹோலென்டால் பாதை 1936ல் 20,000 வோல்ட்டில் ஓடியது. போருக்குப் பின் அந்தப் பகுதி பிரான்சின் கையில் இருந்தபோது பிரெஞ்சு ரயில்வேக்காரர்கள் அதைக் கூர்ந்து படித்தார்கள். லூயி அர்மான் தலைமையில் 1950களில் 25,000 வோல்ட் முறையை நிலைநிறுத்தினார்கள். இந்தியா 1957ல் அதையே தேர்ந்தெடுத்தது. 1959 டிசம்பரில் ராஜ்கர்சவான் பகுதியில் 25 கிலோவோல்ட் ரயில் ஓடியது. கடற்கரை–தாம்பரம் பாதையும் 1967ல் இதற்கு மாறியது.

வோல்ட்டேஜ் ஏறினால் மின்னோட்டம் குறையும், துணைமின் நிலையங்களைத் தள்ளித்தள்ளி வைக்கலாம் என்பதுதான் இந்த முறையின் கவர்ச்சி. பழுது தேடுகிறவனுக்கு அதுவே தலைவலி. ஒற்றைப் பாதையின் மின்மறுப்பு, அதாவது மாறுமின்சாரத்துக்கு அது காட்டும் மொத்தத் தடை, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.4 ஓம். துணைமின் நிலைய டிரான்ஸ்ஃபார்மரின் பங்கு சுமார் 4 ஓம். நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பழுது என்றால் மொத்தம் 20 ஓம், பாய்வது 1250 ஆம்பியர். பழைய எஞ்சின் ஒன்று 150 ஆம்பியர்போல இழுக்கும் என்பதால் இதில் குழப்பமில்லை. ஆனால் அடுத்த துணைமின் நிலையம் படுத்துவிட்டால் இதே நிலையம் அதன் பாதையையும் சேர்த்து ஊட்ட வேண்டும். எண்பது கிலோமீட்டர், 36 ஓம், 700 ஆம்பியர். நாலைந்து ரயில்கள் சேர்ந்து இழுப்பதும் அதே 700.

இரண்டின் அளவும் ஒன்றே. தாவலை வைத்துச் சொல்லலாம் என்றால், எஞ்சின்களும் பெரிதாகிவிட்டன. இங்கே கைகொடுத்தது கோணம். மாறுமின்சாரத்தில் மின்னோட்டம் வோல்ட்டேஜுக்குச் சற்றுப் பின்தங்கி ஓடும். அறுந்த கம்பியின் வழியே பாய்வது பெரும்பாலும் கம்பியின் தூண்டலைத்தான் எதிர்கொள்கிறது. ஆகவே ஏறத்தாழ 70 டிகிரி பின்தங்கும். பழைய எஞ்சின் இழுக்கும் மின்னோட்டம் பின்தங்குவது 35, 40 டிகிரிதான். 1923ல் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸின் எல். என். கிரிக்டன், வோல்ட்டேஜையும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுப் பழுதின் தூரத்தையே கணிக்கும் டிஸ்டன்ஸ் ரிலேவைப் பொதுமின் தடங்களுக்காக அறிமுகப்படுத்தியிருந்தார். பிறகு வந்த மோ ரிலே, தூரத்தோடு கோணத்தையும் சேர்த்துப் பார்த்தது. ஓம்களைக் காகிதத்தில் வரைந்தால் அதன் எல்லை ஒரு வட்டம். வட்டத்துக்குள் விழுந்தால் பழுது, வெளியே என்றால் ரயில்.

வட்டமும் முழுத் தீர்வாகவில்லை. மேலே சொன்ன எண்பது கிலோமீட்டர் தொலைவுப் பழுதை உறுதியாகப் பிடிக்க வட்டத்தின் எல்லையை 70 டிகிரியில் 45 ஓமுக்கு வைக்க வேண்டும் என்று கொள்வோம். அதே வட்டம் 37 டிகிரிக் கோணத்தில் கிட்டத்தட்ட 38 ஓம் வரை நீண்டுவிடும். அங்கேதான் 36 ஓம் கணக்கில் நாலைந்து ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்படி நீட்டித்து ஊட்டும் நேரங்களில் டிராக்‌ஷன் பவர் கண்ட்ரோலர், அதாவது ரயில்வேக்காரர்கள் வாயில் டிபிசி, ரயில்களின் எண்ணிக்கையை எண்ணி எண்ணி விடுவதற்கு ஒரு காரணம் இது. பின்னால் எண்முறை ரிலேக்கள் வந்ததும் வட்டத்தை விட்டு இணைகரமாக எல்லையை வரைந்தார்கள். சுமை இருக்கும் பக்கம் ஒடுக்கமாகவும் பழுது இருக்கும் பக்கம் நீளமாகவும் வைத்துக்கொள்ள அதில் முடிகிறது.

மூன்றாவதாக ஒரு கோணமும் உண்டு. அடுத்தடுத்த துணைமின் நிலையங்கள் வெவ்வேறு ஃபேஸிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. நடுவே நியூட்ரல் செக்‌ஷன் என்ற மின்சாரமில்லாத துண்டு. தவறுதலாக இரண்டு ஃபேஸும் அங்கே இணைந்துவிட்டால் பாயும் மின்னோட்டம் சாதாரண மோ ரிலேயின் கண்ணில் படாமல் போகலாம். அதற்கென்றே 125 டிகிரிக் கோணத்தில் திருப்பிவைத்த ரிலே ஒன்றை இந்திய ரயில்வே வைத்திருக்கிறது. அதே நியூட்ரல் செக்‌ஷனில் எஞ்சின் ஓட்டுநர் டிஜே என்னும் பிரேக்கரைத் திறந்து கடந்துபோய், மறுபடி மூடுகிறார். மூடிய கணத்தில் எஞ்சினின் டிரான்ஸ்ஃபார்மர், பழுதைப் போலவே ஒரு பெரும் மின்னோட்டத்தை விழுங்கும். அதைக் காட்டிக்கொடுப்பது அதன் அலைவடிவம்: அடிப்படை அலைவெண்ணைப்போல இரண்டு மடங்குள்ள ஹார்மோனிக் அதில் நிறைய இருக்கும். உண்மையான பழுதில் இருக்காது.

டயோடும் தைரிஸ்டரும் வைத்த எஞ்சின்கள் மூன்றாம் ஹார்மோனிக்கைத் தாராளமாகக் கொட்டின. பக்கத்து ஊர்க்காரர்கள் டெலிபோனில் இரைச்சல் என்று புகார் செய்தாலும், பாதுகாப்புப் பொறியாளருக்கு அது வரம். ஹார்மோனிக் இருந்தால் ரயில், இல்லையென்றால் பழுது. ஜப்பானில் ஷிங்கான்சென் அதிவேக ரயில்பாதைகளின் டெல்டா ஐ ரிலேக்கள் இதை நம்பின. பிறகு 1990களில் அலையைத் தூய்மையாக இழுக்கும் பிடபிள்யூஎம் ரயில்கள் வந்தபோது அந்த அடையாளம் மங்கிப்போனது. ஆனால் போன கையோடு இன்னொன்றைத் தந்துவிட்டும் போனது. இந்தியாவுக்கு 1990களின் நடுவில் ஏபிபி நிறுவனத்திடமிருந்து வந்த டபிள்யூஏபி-5, டபிள்யூஏஜி-9 வகை மூன்று ஃபேஸ் எஞ்சின்கள், மின்னோட்டத்தை வோல்ட்டேஜோடு கிட்டத்தட்ட ஒட்டியே இழுக்கின்றன. கோணம் பூஜ்யத்துக்குப் பக்கம். முன்னே சொன்ன வட்டம் அந்தத் திசையில் 15 ஓம் வரைதான் எட்டும். 36 ஓம் ரயில்கள் வெகுதூரம் வெளியே நிற்கும். பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திருப்பியனுப்பினாலும் அது எதிர்த்திசைக்கே போகிறது. ரயில் மாறும்போதெல்லாம் பழைய அடையாளம் ஒன்று அழிந்து புதியது ஒன்று கிடைப்பதும், ரிலேக்காரர்கள் மறுபடி உட்கார்ந்து கணக்குப் போடுவதும் நூறு வருடமாக நடக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் 2015 ஜனவரி 12 வந்தது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் மெட்ரோ, மேல்நிலைக் கம்பிக்குப் பதிலாக 750 வோல்ட் மின்சாரம் ஊட்டும் மூன்றாம் தண்டவாளத்தில் ஓடுவது. லான்ஃபான் பிளாசா நிலையத்தை அடுத்த சுரங்கத்தில் மின்கேபிள் இணைப்பு ஒன்று பொறிவிட்டு எரியத் தொடங்கியது. பிற்பகல் 3:06க்கு அந்தப் பகுதியின் ஒரு முனையில் இருந்த பிரேக்கர் திறந்தது. மறுமுனையில் இருந்தது திறக்கவில்லை. புகை நிறைந்த சுரங்கத்தில் ரயில் நின்றது. 3:50க்குக் கட்டுப்பாட்டு அறை தொலைவிலிருந்து கட்டளை கொடுத்துத் திறக்கும்வரை, 44 நிமிடம், பொறி தின்றுகொண்டே இருந்தது. ஒரு பயணி இறந்தார்; எண்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சகுராகிச்சோவுக்கு அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு முனை திறந்து மறுமுனை திறக்காத அதே கதை. பொறியின் மின்னோட்டம் ரயில்கள் இழுப்பதைவிடக் குறைவாக இருக்கும்போது அளவை மட்டும் பார்க்கும் பிரேக்கருக்கு அது கண்ணில் படுவதே இல்லை. தெரிந்த பாடம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேராததுதான் இதில் மனம் ஆறாத விஷயம்.

மேல்நிலைக் கம்பிப் பாதைகளிலும் இதே பலவீனமான பழுதுதான் இன்றுவரை அடங்காதது. கம்பி தண்டவாளத்தின்மேல் விழுந்தால் ரிலே சுலபமாகப் பிடித்துவிடும். உலர்ந்த ஜல்லிமேலோ தார்ச்சாலைமேலோ விழுந்தால், ஒரு மரக்கிளை சாய்ந்து உரசினால், பாய்வது ஓர் எஞ்சின் இழுப்பதில் ஒரு சிறு பங்காக இருக்கலாம். இதற்காக இந்திய ரயில்வேயும் தன் ரிலேக்களில் டெல்டா ஐயைச் சேர்த்திருக்கிறது. அதுவும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. பிரேக்கர் டிரிப் ஆகித் தானாக ஒருமுறை மூடிப்பார்த்து மறுபடி திறந்தால், டிபிசி பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து எந்தத் துண்டில் பழுது என்று தேடுவார். டிரிப்பே ஆகவில்லை என்றால் அவருக்குத் தெரியவே வராது. கேட்கீப்பரோ, கேங்மேனோ, எதிரே வரும் வண்டியின் ஓட்டுநரோ பார்த்துச் சொன்னால்தான் உண்டு. கம்பி அறுந்து கிடப்பதைப் பார்த்தால், மின்சாரம் துண்டிக்கப்பட்டு எர்த் செய்யப்பட்டது என்று பொறுப்பானவர் சொல்லும்வரை உயிருள்ள கம்பி என்றே கொண்டு, யாரையும் அருகே விடாமல் காவல் நிற்க வேண்டும் என்று அவர்கள் எல்லோருக்கும் பயிற்சி கொடுக்கப்படுகிறது.